வாசலேறி வந்த பத்திரிகைகள்

கிழிந்ததையும் உதிர்ந்ததையும் அட்டையில் ஒட்டிப் படமாக்குவதற்குக் கொலாஜ் என்று பெயர். என் வீட்டுக்காரர் அதற்கு வைத்திருக்கும் பெயர் குப்பை ஜோடனை. கொல்லிமலையில் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. காலி மாத்திரை அட்டை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வரும் பொடியெழுத்துத் தாள், பஸ் டிக்கெட், மிளகு உதிர்த்த காம்பு, சாமை உமி, எதையும் வெளியே போட மனசு வராது. மாத்திரை அட்டையின் வெள்ளித் தகடு மழைக்கு ரொம்பப் பொருத்தம். இங்கே மழைக்குக் குறைச்சல் இல்லாததால் தகடும் நிறையத் தேவைப்பட்டது.

ஒருதரம் பசை தீர்ந்துபோய், பலாப்பாலைத் தொட்டு ஒட்டினேன். நன்றாகப் பிடித்தது. என் விரலையும் சேர்த்துப் பிடித்தது. தேங்காயெண்ணெய் தேய்த்து விடுவித்துக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் நான் உமியால் செய்த மலைமேல் நிஜ எறும்புகள் சாரி சாரியாக ஏறிக்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். அன்றிலிருந்து தினம் ஒன்று வைப்பது பழக்கமாகிவிட்டது. படம் முடியாத நாளில் கண்ணில் பட்டதை வைப்பேன். செருப்புக்குள் முட்டையிட்ட கோழி, ஒட்டிப் பிறந்த வாழைப்பழம், மூடுபனியில் முன்பாதி மட்டும் தெரிந்த பஸ்.

வைத்துவிட்டு, யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துப் பார்ப்பேன். நான் தேடியதெல்லாம் அதில் ஒரே ஒரு ஆளைத்தான். என் அக்காவை.

அக்கா அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவள் ஒருத்திதான். தை மாதம் அவள் தோட்டத்துக்குள்ளேயே புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். எனக்குப் பத்திரிகை போனில் வந்தது. போட்டோவாக. அதன் கீழே கைகூப்புகிற பொம்மை ஒன்று. எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தம் என்றால் வெற்றிலை பாக்கோடு வீடேறி வந்து பத்திரிகை வைக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்குக்கூடப் போய் வைத்தவள், கூடப்பிறந்தவளுக்கு விரலால் தள்ளிவிட்டாள்.

"அவங்களுக்கு மலை பஸ் ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா? ரெண்டு கொண்டை ஊசி வளைவு ஏறுனாலே வாந்தி எடுப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

தெரியும். தெரிந்தால் கோபம் வரக்கூடாதா? விசேஷத்துக்கு நானும் போகவில்லை, அவரையும் போகவிடவில்லை. அன்றைக்கு அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை. ஆனால் என் ஸ்டேட்டஸை ஒரு நாள் விடாமல் பார்த்தாள். அவள் தினமும் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் வைப்பாள். நானும் ஒரு நாள் விடாமல் பார்த்தேன்.

இது இப்படியே நின்றுபோய்விடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது. எங்கள் அம்மா தன் தம்பியோடு கடைசிவரை பேசாமலே போய்ச் சேர்ந்தவள். அந்த ரத்தம்தானே எனக்கும். ஆனாலும் முதலில் அவள்தான் பேச வேண்டும் என்று இருந்தேன்.

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்தபோது வீட்டில் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறவர்கள் வீட்டுக்கு வந்து வைத்தவை. உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். பிள்ளையார்மேல் கத்திரி படக்கூடாது என்று சுற்றி வெட்டியதில் பத்துப் பதினைந்து பிள்ளையார் முழுசாக மிஞ்சினார்கள். அவர்களை மேலே வரிசையாக உட்கார வைத்தேன். தங்க எழுத்துகள் படிப்படியான வயல் ஆயின. மஞ்சள் தடவிய மூலைகள் வெயில் ஆயின. கீழே 'இந்த வருஷம் வாசலேறி வந்த பத்திரிகைகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது படமா, சண்டையா?" என்றார்.

"படந்தான்" என்று சொல்லி ஸ்டேட்டஸ் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா பார்த்துவிட்டாள். எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

மறுநாள் ரோஜாப்பூ வரவில்லை. நான் வைத்ததையும் அவள் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோழி, குரங்கு, வானவில் என்று எதை எதையோ வைத்துப் பார்த்தேன். ஊரெல்லாம் பார்த்தது, அவள் பார்க்கவில்லை. இருந்த ஒரு இழையையும் நானே அறுத்துக்கொண்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கத்திரிக்கோலைத் தொடவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் அக்கா நிற்கிறாள். முகம் வெளுத்துப்போய், சேலையின் முன்பக்கமெல்லாம் நனைந்து, ஒரு கையில் கசங்கின எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் பை.

"உள்ள வாக்கா" என்றேன். என்னை அறியாமல்தான் வந்தது.

"இரு அம்மிணி. தட்டு ஒண்ணு எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்தாள். மேலே கிரகப்பிரவேசப் பத்திரிகை. நாலு மூலையிலும் புது மஞ்சள். தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடும்பத்தோட வந்து, முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கோணும்."

அவள் முகத்தில் சிரிப்பில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த வீட்டுக்காரர், "வந்தர்றோமுங்க" என்றார்.

"உங்களைக் கேக்கலீங்க மாப்பிள்ளை. அவளைக் கேக்கறேன்."

"விசேஷந்தான் முடிஞ்சிருச்சேக்கா."

"முடிஞ்சதை நீ பாத்தியா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "பால் பொங்கறப்ப உங்கிட்ட சொல்றதுக்குத் திரும்புனேன். சுத்தியும் உங்க மாமா ஊட்டு ஆளுங்க. எம்பட பக்கம்னு ஒரு ஆள் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு, "வந்தர்றேன்க்கா" என்றேன்.

"எப்ப?"

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவளோடு இறங்கினேன். வழியெல்லாம் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே, "அந்தப் படத்துல வெயில் நல்லா வந்திருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் முகம்கூடக் கழுவாமல் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பில் பாலை வைத்தாள். காபிக்குத்தான் என்று நினைத்து டம்ளரை எடுத்தேன்.

"அதை வெச்சுட்டு இங்க வந்து நில்லு" என்றாள்.

போய்ப் பக்கத்தில் நின்றேன். ஓரத்தில் நுரை கட்டியது, நடுவில் ஏடு விரிந்தது, மெல்ல மேலே வந்தது. வழக்கமாக ஒரு சொட்டு சிந்தினால்கூட என்னைத் திட்டுகிறவள், பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் ஓடும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.