சாக்ரடீஸின் அம்மா

என் ஓரகத்தி சம்பூர்ணத்தைப் பயந்தாங்கொள்ளி என்று தெருவே சொன்னது. சொன்னவர்களை எல்லாம் நான் ஒரு பிடி பிடித்திருக்கிறேன். பாலாற்றில் தண்ணீர் புரண்டு வந்தபோது மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு ஓரிக்கைக் கரை ஏறியவள் அவள். அவளுக்குப் பயம் வந்தது ஒரு பெயரால். அந்தப் பெயரைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன், என் கொழுந்தன் பரசுராமன்.

அவன் நிலத்தை விட்டுவிட்டு, காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வேலைக்கு வந்தவன். பகலெல்லாம் சாயத்தொட்டி, பொழுது சாய்ந்தால் கட்சிப் படிப்பகம். கிரேக்க நாட்டு ஏதென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தட்டில் சோறு காய்ந்து போகும்.

"ராஜாவே கெடயாது அண்ணி அங்க. ஜனங்களே ஒண்ணு கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு முடிவெடுப்பாங்க. ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாடியே!"

"அங்க புளி இன்னா வெலயாம்?" என்பேன் நான். அவன் சிரிப்பான். நல்லவன்தான், சும்மா சொல்லக்கூடாது.

இரண்டு முறை கரு தங்காமல் போய், அறுபத்தேழில்தான் சம்பூர்ணத்துக்கு மகன் பிறந்தான். அப்போதெல்லாம் கட்சிக்காரர்கள் பிள்ளையைப் பொதுக்கூட்ட மேடைக்குத் தூக்கிப்போய், பேச வந்தவரிடம் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையும் மேடை ஏறினான். வந்திருந்தவர், ஊரெல்லாம் சுற்றி எல்லாரையும் கேள்வி கேட்டு, சொந்தமாக யோசிக்கக் கற்றுக்கொடுத்த ஒரு கிரேக்க அறிஞரைப் பற்றிப் பேசிவிட்டு, "சாக்ரடீஸ்!" என்று பெயர் வைத்தார். ஒரே கைதட்டல். அந்த அறிஞர் எப்படிச் செத்தார் என்று அவர் சொல்லவில்லை. பெயர் வைக்கிற இடத்தில் சாவைப் பற்றி யார் பேசுவார்கள்? வாயில் நுழையாத பெயர் என்று சம்பூர்ணம் பிள்ளையை ராசா என்றே கூப்பிட்டாள்.

பிள்ளைக்கு ஐந்து வயது நடந்தபோது கட்சிக் கிளையின் ஆண்டு விழாவில் நாடகம் போட்டார்கள். வெள்ளை வேட்டியைத் தோளோடு சுற்றி, பஞ்சுத் தாடி ஒட்டி, சாக்ரடீஸாக வந்தவன் பரசுராமன். நாங்கள் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். கடைசிக் காட்சியில் சிறைக்காவலன் ஒரு கிண்ணத்தை நீட்டி, "சாக்ரடீஸ், விஷம் தயார்!" என்று கத்தினான்.

சம்பூர்ணத்தின் மடியில் அரைத் தூக்கத்தில் இருந்த பிள்ளை சட்டென்று எழுந்து நின்றான். "இதோ வரேன்!" என்றான்.

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சம்பூர்ணம் என் கையைப் பிடித்தாள். மேடையில் பரசுராமன் கிண்ணத்திலிருந்த நன்னாரி சர்பத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சாய்ந்தான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சம்பூர்ணம் அவனைப் பிடித்துக்கொண்டாள். "அந்தாளு நெஜமாவே வெஷம் குடிச்சா செத்தாரு?"

"ஆமா. தப்பிச்சுப் போக வழி இருந்துது, போகல. ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் குடிச்சாரு. அவரு சாவல சம்பூர்ணம், இன்னிக்கும் வாழ்ந்துகினு இருக்காரு."

"எம் புள்ள அப்டியெல்லாம் வாழ வேணாம். சாதாரணமா இருந்தாப் போதும். பேர மாத்துங்க."

"ஜனங்க முன்னால வெச்ச பேரு. பேரு போயி ஆளக் கொல்லுமா? மூடநம்பிக்கை." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தான். "சரி, நான் பிடிவாதக்காரன் இல்ல. ஏதென்ஸ்ல மாதிரி ஓட்டுக்கு விட்டுடலாம். அண்ணியும் போடட்டும்."

சம்பூர்ணம் கேட்டாள்: "அங்க பொம்பளைங்களுக்கு ஓட்டு உண்டா?"

பரசுராமன் தலையைச் சொறிந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "இல்ல. அடிமைங்களுக்கும் இல்ல."

"அவர வெஷம் குடிக்கச் சொன்னது யாரு? ராஜாதான் இல்லேன்னீங்களே."

"ஊர் ஜனங்கதான். நூத்துக்கணக்குல ஒக்காந்து, விசாரிச்சு, ஓட்டுப் போட்டு..."

"ஓட்டுப் போட்டா கொன்னாங்க? எம் புள்ளைக்கு ஓட்டு வேணாங்க, சாமி!" என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பரசுராமன் தாடிப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு அன்றைக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது அது. தண்ணீர், பால், கஷாயம், எதுவானாலும் சம்பூர்ணம் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள். வரதராஜர் கோயிலில் தீர்த்தம் வாங்கினால்கூடத் தன் கையில் வாங்கி, உறிஞ்சிப் பார்த்து, மீதியைத்தான் அவன் வாயில் விடுவாள். பட்டர் முறைப்பார். நோஞ்சான் பிள்ளைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக்கிலும் முதல் ஸ்பூன் அவளே குடிப்பாள். பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பாவம், நாக்கு வறள ஓடி வரும் அந்தப் பிள்ளை.

"எம்மா சம்பூர்ணம், உனக்கு ஒண்ணு ஆனா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஆனா ஆவட்டும் அக்கா. அவனுக்கு முன்னாடி ஆனாச் சரி."

பிள்ளைக்கும் அது பழகிவிட்டது. யார் எதைக் கொடுத்தாலும், "அம்மா குடிச்சிட்டுக் குடுக்கும்" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான். தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பரசுராமன் மேடையில் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது கனைப்பார்கள். அவனுக்கு முகம் சிறுத்துப் போகும்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. ஒருநாள் மத்தியானம், பள்ளிக்கூடம் விடுமுறை. அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டு வரச் சாயப்பட்டறைக்குப் போன பிள்ளை, ஒரு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். "எம்மா, அப்பா டானிக் வாங்கி வெச்சிகிறாரு!"

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. எப்போதும் வாங்குகிற அதே பாட்டில், மேலே ஒட்டின அதே சீட்டு. நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சம்பூர்ணம் பாட்டிலைத் திறந்து, வழக்கம் போல ஸ்பூனில் ஊற்றி, வழக்கம் போலத் தன் வாயில் விட்டாள்.

அடுத்து வந்தது சத்தமே இல்லை, ஒரு மூச்சுதான். ஸ்பூன் தரையில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடித் துப்பினாள். துப்பியதில் ரத்தம். ஐயோ! நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த நிலையிலும் அவள் திரும்பி வந்து, ஒரு கையால் பாட்டிலைத் தேடி, பிள்ளைக்கு எட்டாமல் தள்ளிவிட்டாள்.

அதற்குள் பரசுராமன் வாசலில் வந்து விழுந்தான். ஓடி வந்த ஓட்டத்தில் செருப்பு இல்லை. "அண்ணி, அந்தப் பாட்டிலு! அது ஆசிட்டு!"

சாயம் பட்டில் பிடிப்பதற்கு ஆசிட் ஊற்றுவார்கள். தண்ணீர் கலந்த ஆசிட்டை வைக்க, வீட்டிலிருந்து காலி டானிக் பாட்டிலை எடுத்துப்போனவன் அவனேதான். சீட்டைக் கூடக் கிழிக்கவில்லை. பேரைப் பார்த்துப் பயப்படாதே என்று ஊருக்குச் சொன்னவன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "விழுங்கியிருந்தா பொழச்சிருக்க மாட்டாங்க. அந்தச் சின்னப் பையன் குடிச்சிருந்தா நெனச்சே பாக்க முடியாது" என்றார். சம்பூர்ணத்தின் உதடும் நாக்கும் வெந்து போயிருந்தன. பேச முடியாது. பரசுராமன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"பேர மாத்திடலாம் சம்பூர்ணம். முனிரத்தினம்னு எங்கப்பா பேர வெச்சிடலாம். என் ஓட்டு இதோ, நான் கை தூக்கறேன் பாரு." அவன் கையைத் தூக்கினான். எனக்கும் அழுகை வந்தது, நானும் தூக்கினேன். எதற்கென்று புரியாமல் பிள்ளையும் தூக்கினான்.

சம்பூர்ணம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். மாட்டேன் என்று தலையாட்டினாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

புண் ஆறி வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள். நாக்கு பழையபடி புரளவில்லை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் சொன்னாள்.

"அந்தப் பேருக்கு வர வேண்டியது வந்துட்டுது அக்கா. அது என்னாண்ட வந்துட்டுப் போச்சி. இனிமே எதுக்கு மாத்தணும்?"

பரசுராமன் அதை மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வந்தான். பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, வழக்கம் போல அவளிடம் நீட்டினான். "நீ குடிச்சிட்டுக் குடுமா."

சம்பூர்ணம் டம்ளரை வாங்கவில்லை. அவள் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் வாயால் சொல்லாத பெயரை, அந்த வெந்த நாக்கால், அன்றைக்குத்தான் சொன்னாள்.

"நீயே குடி, சாக்ரடீசு."

அவன் எங்களைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதையே நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.