எழுதித் தேய்ந்த வேண்டுதல்

போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போனது. பக்கத்து அறையிலேயே இருந்த எனக்கு அது ஏழு இருபதுக்குத்தான் தெரிந்தது. அம்பாள் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த இருபது நிமிஷத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும்.

நான் டிவி சீரியலுக்கு வசனம் எழுதுகிறவள். பதினான்கு வருஷமாக இதே வேலை. வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பு. ஷூட்டிங் சென்னையில், நான் இருப்பது காஞ்சிபுரம் செவிலிமேட்டில். அன்றைய சீன் பேப்பர் காலை ஏழரைக்குள் என் போனிலிருந்து ஸ்பாட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் மேக்கப் போட்டவர்கள் அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் போன்மேல் போன் போட்டு உயிரை வாங்குவார்.

என் வீட்டுக்காரர் சண்முகம் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். அவருக்குப் பேச்சுதான் பிழைப்பு. தெலுங்கில் பேசுவார், இந்தியில் சமாளிப்பார். ஒரு சேலை எடுக்க வந்தவர்களை மூன்று சேலையோடு அனுப்புவார். வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. கடைக்கு வந்தவர்களைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார். எழுத விடாமல் தொணதொணக்கிறாரே என்று நான் எரிந்து விழுந்த நாட்கள்தான் அதிகம்.

அன்று காலை கதவோரம் வந்து நின்று ஏதோ சொன்னார். குழறலாக இருந்தது. யாரைப் போலவோ பேசிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருங்க, ரெண்டு சீன் முடிச்சிக்கினு வர்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார். பேப்பரை அனுப்பிவிட்டு வெளியே வந்தால், பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். "எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டார். உண்மையைச் சொன்னேன். "இதுல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உயிருக்குப் பயமில்லை, பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

எங்கள் தொழிலில் ஆஸ்பத்திரி டிராக் என்று ஒன்று உண்டு. நடிகர் யாராவது சினிமாவுக்குப் போய்விட்டால் அவருடைய பாத்திரத்தை ஐசியூவில் படுக்க வைத்துவிடுவோம். அவர் திரும்பி வந்ததும் மருமகள் கோயிலுக்குப் போய் மணியை அடித்து அம்மனிடம் சவால் விடுவாள். இங்கே ஐசியூவில் அவருடைய கட்டை விரல் அசையும். நான் எத்தனை விரல்களை அசைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தப் பாவமோ என்னவோ, ஐசியூவில் என் வீட்டுக்காரருடைய வலது கைக் கட்டை விரலையே வெறித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாமா, ரெண்டு நாளா அந்த விரலையே பாத்துக்கினு கீறீங்க? போய் ஒரு வாய் சாப்பிடுமா" என்றார் நர்ஸ்.

இதற்கு நடுவில் மேனேஜர் போன். "அக்கா, உங்க நெலம புரியுது. இந்த ஐசியூ சீன மட்டும் குடுத்துடுங்கக்கா, ஸ்பாட்ல எல்லாரும் வெயிட்டிங்." சீரியலிலும் அப்போது ஆஸ்பத்திரி டிராக்தான் ஓடிக்கொண்டிருந்தது. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே எழுதி அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் எழுதினேன்.

அந்த வாரம் ஆடி வெள்ளி. காமாட்சியம்மன் கோயிலில் கூட்டம் நெரிந்தது. சன்னதிக்கு முன்னால் வந்ததும் அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. "அம்மா! நான் உனக்கு விளக்கேத்தினது நிஜம்னா என் தாலிக்கு நீ பதில் சொல்லு! அவரு பேசாம இந்த வாசல விட்டு நகர மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் என் கையைப் பிடித்தாள். "அழாதமா. சீரியல்ல வர்ற மாதிரியே பேசறியேமா" என்றாள். பாவம், பரிவாகத்தான் சொன்னாள்.

அது சீரியலில் வந்ததேதான். நான் எழுதியதேதான். ஒரு மருமகளுக்காக எழுதி, டைரக்டரிடம் பாராட்டு வாங்கிய வசனம். வேறு வார்த்தை தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. தாயே, தாலி, பூ, பொட்டு எல்லாவற்றையும் அடுத்தவர் வாயில் வைத்துத் தேய்த்துத் தீர்த்திருந்தேன். எனக்கென்று ஒரு சொல் மிச்சமில்லை. "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். நகர மாட்டேன் என்று சபதம் போட்டவள் நகர்ந்துவிட்டேன்.

பிராகாரத்தில் உட்கார்ந்தேன். அழக்கூடத் தெம்பில்லை. அப்புறம் வாய்க்குள்ளேயே சொன்னேன். "அவர் பேசணும். என்ன பேசினாலும் கேக்கறேன். இனிமே 'இருங்க'ன்னு சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான். மணி எதுவும் அடிக்கவில்லை. டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் நடக்கவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரத்தில் இரண்டு நாள் வந்து படம் காட்டிச் சொல்லச் சொல்வாள். அவர் படத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கண்ணில் தண்ணீர் வரும். ஆவணி போனது, புரட்டாசி போனது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். பேசாமல் நின்றேன். சில வெள்ளிகளில் அம்பாள்மேல் கோபமாக வந்தது. சில வெள்ளிகளில் கால் வலியைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

ஐப்பசியில் எதிர்வீட்டு கௌரி தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பட்டைக் கொண்டுவந்தாள். ஒரு மரியாதைக்காக அவர் மடியில் வைத்து, "அண்ணா, நல்லாகீதா பாருங்க" என்றாள். அவருடைய இடது கை சேலையை விரித்தது. பார்டரைத் தேடிப் பிடித்து இரண்டு விரலால் தடவியது.

"கோர்வைமா" என்றார்.

கௌரி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கோர்வைமா... பார்டர தனியா நெய்ஞ்சி கோத்ததுமா. சேல கிழிஞ்சாலும் பார்டர் பிரியாதும்மா. வேற கலர் காட்டட்டுமா?"

கடையில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன பேச்சு. அதுதான் திரும்பி வந்தது. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு திருதிருவென்று விழித்தார். கௌரி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

ஆயிரம் தடவை சொன்ன பேச்சு சிலருக்குத் தானாக வரும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை மெல்ல மெல்லக் கொண்டுவரலாம் என்று பயிற்சிப் பெண் சொன்னாள். சரியாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தது இதுதான். தேய்ந்த வார்த்தையோடு வந்தேனே என்று நான் கூனிக்குறுகி நின்றேன். அம்பாள் தேய்ந்த வார்த்தையைக் கொண்டே அவரைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு நாள் அந்த இருபது நிமிஷத்தை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். எதுவும் வரவில்லை. கடைசியில் என் தலையில் கை வைத்து, "வேற கலர் காட்டட்டுமா?" என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் எழுதுகிறேன். மீதியை வேறொருவர் எழுதுகிறார். போன மாதம் கோயில் சீன் ஒன்று கேட்டார்கள். மருமகள் ஒன்றும் பேசாமல் நிற்கிறாள், பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள், நகர்ந்துவிடுகிறாள் என்று எழுதிக் கொடுத்தேன். "இதுல பஞ்ச் எங்கக்கா இருக்குது?" என்று கேட்டுவிட்டு மணியடித்தே எடுத்துக்கொண்டார்கள். போகட்டும்.

அவர் இன்னும் கடைக்குப் போகவில்லை. சோறு கேட்க நினைத்துச் சேலை என்பார். ஒரு வாக்கியம் முடிய ஒரு டீ ஆறிவிடும். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன். களைப்பாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். வேண்டியது கிடைத்தாலும் உடம்பு அசதி போவதில்லை. ஆனால் வீட்டில் ஒரு குரல் இருக்கிறது. தாயே, அது போதும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது கும்பிட நின்றால் வார்த்தை வரவில்லையா? வருவதெல்லாம் எங்கேயோ கேட்ட பழசாக இருக்கிறதா? கூச்சப்படாதீர்கள். அதையே சொல்லுங்கள், அதுவும் வராவிட்டால் சும்மா நில்லுங்கள். அம்பாள் கேட்பாள், எனக்குத் தெரியும். இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் உள்ளே அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார். நிறுத்திக்கொள்கிறேன்.