முடிவில்லாத விளையாட்டு

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறியதும் கைப்பேசியில் ஒரு விமர்சனம் கண்ணில் பட்டது. விண்வெளியில் வணிகமும் சண்டையும் செய்யும் புது வீடியோ கேம். 'இலக்கே இல்லை, எங்கே போவதென்றே தெரியவில்லை' என்று எரிச்சலோடு எழுதியிருந்தார்கள். எனக்கோ ஆவலில் கால் ஆடத் தொடங்கிவிட்டது.

சிறுவயதில், தஞ்சோங் பகார் வீட்டில் அக்கா விளையாடிய இதுபோன்ற கேமுக்கும் இதே திட்டுதான் கிடைத்தது. கம்ப்யூட்டர் சூடேறித் தூசி கருகும் வாசனை வரும். அவள் ஒரு கிரகத்தில் தானியம் வாங்கி, வழியில் கொள்ளையரைச் சுட்டு, இன்னொரு கிரகத்தில் விற்பாள். துறைமுகத்திலிருந்து வரும் அப்பா, டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றியபடி தினமும் கேட்பார்: "முடிச்சிட்டியா?"

"இதுக்கு முடிவே இல்லப்பா."

ஒருநாள் அப்பா பத்திரிகை விமர்சனத்தைத் தட்டிக் காட்டினார். "பாரு, இவங்களே திட்டுறாங்க. அப்புறம் எதுக்கு விளையாடுற?"

"இதுல மட்டும்தான் அடுத்து என்ன செய்யணும்னு யாரும் சொல்றதில்ல லா."

அக்கா இப்போது எந்த நாட்டில் இருக்கிறாள் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் படிப்பு, வேலை, வீடு என்று சொன்னதையெல்லாம் சொன்ன வரிசையில் முடித்தவன்.

நான் இறங்க வேண்டிய செங்காங் வந்தது. கதவு திறந்தது. கால் ஆடிக்கொண்டே இருந்தது. கதவு மூடியது. நான் எழவில்லை.