இடம் மாறிய ஸ்டூல்

மஞ்சள் காமாலையில் நான் படுத்தபோது, சோலூரில் என் கிளினிக்கை ஒருநாள்கூடப் பூட்டவிடவில்லை, நானும் சேர்ந்திருக்கும் இளம் குடும்ப டாக்டர்கள் குழு. குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் முறைபோட்டு பஸ் ஏறி வந்தார்கள். வேறு எந்தத் தொழிலில் இப்படி வருவார்கள்?

குணமாகித் திரும்பியதும் முதலில் வந்தவர், தலைவலிக்கு வழக்கமாக மாத்திரை வாங்கும் எஸ்டேட் அக்கா.

"ஏனுங்க டாக்டர், அந்தக் கூடலூர்க்காரரு இனி வரமாட்டாருங்களா?"

சுருக்கென்றது. "ஏன், என் வைத்தியத்துக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. அவரு ஸ்டூலைப் பக்கத்துல போட்டு உக்கார வெச்சுக் கேட்டாருங்க."

எப்போதும் மேசைக்கு எதிரே இருக்கும் ஸ்டூல் இப்போது என் நாற்காலியை ஒட்டிக் கிடந்தது. எரிச்சலோடு அதைத் தள்ளப் போனேன். அதற்குள் அக்கா உட்கார்ந்துவிட்டார். தலைவலி எதனால் என்று அன்றுதான் என்னிடம் சொன்னார்.