குதிரையை மீட்கும் சண்டை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்குப் பிடித்த இடம் என்று ஒன்று இருந்தால், அது செம்மேட்டுக் கடைவீதியில் அண்ணன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைதான். எனக்கு யாரோடும் பேசக் கூச்சம். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் திரையில் இருக்கும்.

அந்தக் கடையில் இரண்டு விதச் சண்டைகள் நடந்தன. ஒன்று துப்பாக்கி ஆட்டம். கடைக்குள் இருந்த கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஒருவரையொருவர் சுடுவார்கள். "மச்சான், உன் மண்டையில ஓட்ட போட்டாச்சு, போய் டீ சொல்லிட்டு வா" என்று ஒருவன் கத்துவான். செத்தவன் டீ சொல்லிவிட்டு வந்து அடுத்த சுற்றில் உயிரோடு நிற்பான்.

மற்றது வாள் ஆட்டம். எதிராளி இன்டர்நெட் வழியாக எங்கிருந்தோ வருவான். செத்தால் வாள், கவசம், குதிரை எல்லாம் கொன்றவனுக்கு. மாதக்கணக்கில் சேர்த்தது ஒரு நொடியில் போய்விடும்.

எது நிஜமான சண்டை என்று தினமும் வாக்குவாதம். "மொகத்தப் பாத்து அடிக்கோணும், அதுதான் சண்டை" என்பார்கள் துப்பாக்கிக்காரர்கள். "போனா திரும்பி வராதுன்னு தெரிஞ்சாத்தான் கை ஓங்கறதுக்கு முன்னால யோசிப்பீங்க" என்பார் அண்ணன். நான் அண்ணன் கட்சி. காரணம் வேறு.

வரப்பில் நின்ற ஒரு பலா மரத்துக்காக அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள். மரம் சித்தப்பா பங்குக்குப் போனது. அப்படியும் அவர் குடும்பத்தோடு மலையை விட்டுத் திருப்பூருக்கு இறங்கிவிட்டார். அவர் மகனும் அங்கிருந்து இதே வாள் ஆட்டம் ஆடுகிறான் என்று பழைய பள்ளிக்கூட நண்பன் ஒருவன் அண்ணனிடம் சொன்னான். வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் மோத ஆரம்பித்தார்கள். போன மாதம் அவன் அண்ணனைக் கொன்று, அண்ணனுடைய வெள்ளைக் குதிரையைக் கொண்டுபோய்விட்டான். மரமும் போய்க் குதிரையும் போனால் எங்களுக்கு என்ன மிச்சம்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் அவன் எங்கள் குதிரை மேலேயே வந்தான். அண்ணன் பாய்ந்து வெட்டினார். அவன் வாளையே எடுக்கவில்லை. இன்னும் ஒரு வெட்டுத்தான். வெளியே நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டிய வளப்பூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது.

"வெட்டுங்ணா, சீக்கிரம் வெட்டுங்ணா!"

"இரு கண்ணு, என்னமோ எழுதறான்."

திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வரி வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் படித்தார். மறுபடியும் படித்தார். பதிலுக்கு எதையோ எழுதிவிட்டு, தன் வாளைக் கீழே போட்டார். அவன் குதிரையை விட்டு இறங்கினான். இரண்டு பேரும் எதிரெதிரே சும்மா நின்றார்கள்.

"என்றா, பயந்துட்டயா?" என்று துப்பாக்கிக்காரர் ஒருவர் சிரித்தார். அண்ணன் எழுந்து வெளியே குழாயடிக்குப் போய், சட்டையோடு நின்று ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அன்று விடியற்காலையில் சித்தப்பா இறந்துபோயிருந்தார். பேச்சில்லாத வீட்டுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று தெரியாமல், அவர் மகன் அண்ணனைத் தேடி ஆட்டத்துக்குள் வந்திருக்கிறான். பங்காளி சாவு காதில் விழுந்தால், கேட்ட இடத்திலேயே தலைக்கு ஊற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். இதெல்லாம் எனக்குப் பின்னால் சொல்லப்பட்டது. அப்போது நான் கண்டது, கடையே வேடிக்கை பார்க்க அண்ணன் நனைந்து நிற்பதை மட்டும்தான். வாள் ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு இப்படி ஒரு முறை இருக்கும்போல என்று நினைத்தேன்.

"நீயும் வா சாமி" என்று அண்ணன் என்னை இழுத்துக் குழாயடியில் நிறுத்தினார். குளிரில் திமிறினேன். பஸ் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

"தோத்தது நீங்கதானுங்ணா, எனக்கு எதுக்குத் தண்ணி?"