மணல்மேட்டில் முளைத்த பயறு

பால்டிக் கடலோரத்தில் நாங்கள் குத்தகைக்கு எடுத்த சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் நிற்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் மழையில் நனைய வேண்டும். கடைக்குப் பின்னால் ஒரு மரக்கொட்டகை போட்டு மேசை வைக்க வேண்டுமென்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பதினெட்டு வருடம் மற்றவர்களின் உணவகங்களில் கோப்பை கழுவிய மனிதர், ஆசைப்படாமல் என்ன செய்வார்? ஊரில் சுனாமிக்குத் தங்கச்சியைப் பறிகொடுத்த பிறகு அவர் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான். தங்கச்சியைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

ஆனால் கடையின் பின்பக்கம் புல் மூடிய மணல்மேடு. அங்கே ஒரு தடி நடுவதற்கும் அனுமதி வேண்டும். நகரசபைக்கு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டோம். பதில் வருமுன், அடிக்கல் வைக்க வைகாசியில் நல்ல நாள் வந்துவிட்டது. அதை விட்டால் ஆவணிதான் என்றார் ஐயர்.

"கடுதாசி வரட்டுமப்பா. அவசரப்படாதேங்கோ" என்றேன்.

"கடுதாசி எப்பவும் வரும். நாள் வருமே? கல்லை மட்டும் வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

சொன்னால் கேட்கிற பிறவியா அவர்! காலையில் கடை திறக்குமுன் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப்போய், புல்லைப் பிடுங்கி, முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். கல்லை வைத்து, பால் ஊற்றி, நவதானியம் தூவி, மேலால் கொஞ்ச மணலை இழுத்துவிட்டார். கற்பூரம் காற்றில் நிற்கவேயில்லை. நானும் விசரி மாதிரிக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பிறகு அவரை மட்டும் குறை சொல்லி என்ன?

இரண்டு கிழமை மழை பெய்தது. அதன் பிறகுதான் நகரசபையிலிருந்து ஒரு பெண் இடம் பார்க்க வந்தாள். வெளிறிய புல்லுக்கு நடுவே சதுரமாக, கரும்பச்சையில், பயறும் உழுந்தும் முளைத்து நின்றன. எங்களைக் காட்டிக்கொடுக்க வேறு சாட்சி வேண்டுமா?

"இதை யார் விதைத்தது?" என்று அவள் ஜெர்மனில் கேட்டாள்.

இவர் ஒளிக்கவில்லை. கட்டுவதற்கு முன் பூமியிடம் அனுமதி கேட்பது எங்கள் வழக்கம் என்றார்.

"எங்களிடமும் கேட்டீர்கள். பதில் வருமுன் தோண்டிவிட்டீர்கள்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. இந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, மணல்தான் கடலைத் தடுக்கிறது, ஒரு குழி போதும், காற்று அதைப் பெருப்பித்துவிடும், பின்னால் வீடுகள் இருக்கின்றன என்று விளக்கினாள். கொட்டகைக்கு இங்கே ஒருநாளும் அனுமதி கிடைக்காது. குழியை இன்றைக்கே மூட வேண்டும்.

அவளுடைய கார் போனதும் எனக்கு அடக்க முடியவில்லை. "நாசமாய்ப் போக! புல்லுக்கு இருக்கிற மரியாதை இஞ்சை மனிசருக்கில்லை!" என்று கத்தினேன். இவரும் சேர்ந்து கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் மணலில் முழங்காலிட்டு முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சியும் மணல்மேட்டை வெட்டித்தான் வீடு கட்டினவள்" என்றார். "இப்பிடி ஒருத்தி வந்து ஏலாதெண்டு சொல்லேல்லையப்பா. ஒருத்தரும் சொல்லேல்லை."

அடுத்த முளையைப் பிடுங்கினார்.

"அந்த வீட்டுக் கல்லுக்கும் நான்தான் இஞ்சையிருந்து நாள் பாத்துக் குடுத்தனான். நல்ல நாள்தான் பாத்தனான்."

நானும் பக்கத்தில் குந்தியிருந்து, கையால் மணலை அள்ளிக் குழிக்குள் போட்டேன்.