மேலும் கீழும் இல்லாத ஊர்

பண்டாரவளையில் யாராவது வழி கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். மேலே என்போம், அல்லது கீழே என்போம். பள்ளிக்கூடம் மேலே இருந்தது. ரொட்டிக்கடை கீழே இருந்தது. அப்பா வேலை செய்த தேயிலைக் கடை அதற்கும் கீழே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மூச்சு வாங்குவதை வைத்து எங்கே போகிறோம் என்று கண்டுபிடிக்கலாம். எனக்கு ஒன்பது வயதானபோது அந்தக் கடை முதலாளி யாழ்ப்பாணத்தில் ஒரு கிளை திறக்க ஆசைப்பட்டார். பார்த்துக்கொள்ள அப்பாவை அனுப்பினார். மூட்டை தூக்க நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று அம்மாவின் தம்பியும் எங்களோடு லொறியில் ஏறிக்கொண்டார். மாமாவுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

யாழ்ப்பாணம் தாம்பாளம் போலத் தட்டையாகக் கிடந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் கால் ஒரு தகவலும் தரவில்லை. வழி கேட்டால் கிழக்காலே போய் வடக்காலே திரும்பச் சொன்னார்கள். சூரியன் எந்த மலைக்குப் பின்னாலிருந்து வருகிறதோ அதுதான் எங்களுக்குக் கிழக்கு. இங்கே சூரியன் யாரோ ஒருவருடைய மதிலுக்குப் பின்னாலிருந்து வந்தது. அந்த மதில்களும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கைகளில் ஒன்றில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கனடாவில் இருந்தார். நாங்கள் வந்து இறங்கியது உச்சி வெயிலில். அக்கம்பக்கத்தார் வந்து நின்று பார்க்க, லொறியிலிருந்து ஒவ்வொன்றாக எங்கள் கம்பளிகளும் சுவெட்டர்களும் இறங்கின. ஒரு பெரியவர் மெதுவாக வந்து, நாங்கள் கம்பளி வியாபாரமா என்று மாமாவிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அந்த ஊர்த் தண்ணீரோடு உடனே பகை மூண்டது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. தலை குளித்தால் முடி கயிறாகியது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பிரச்சினை. ஆசிரியை கேட்டதற்கு "ஆமா" என்று பதில் சொன்னேன், வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அங்கே எல்லோரும் "ஓம்" என்றார்கள். கோயிலில் ஐயர் சொல்லவேண்டியதை இவர்கள் ஏன் கணக்குப் பாடத்தில் சொல்கிறார்கள் என்று நான் அம்மாவிடம் கேட்டேன்.

கடையிலும் நிலைமை சுகமில்லை. வந்தவர்கள் விலை கேட்டார்கள். பிறகு, நீங்கள் எந்த இடம் என்று கேட்டார்கள். அப்பா பண்டாரவளை என்றதும் தலையை ஆட்டிவிட்டு, தாங்கள் வழக்கமாக வாங்கும் கடைக்கே போனார்கள். இந்த ஊரார் நல்லவர்கள், ஆனால் புதிய ஆட்களுக்குச் சட்டென்று கதவு திறக்கமாட்டார்கள், நாம்தான் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று அப்பா சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொல்லிவைத்தார். வருஷக் கடைசிவரை பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பிவிடலாம் என்றும் சொன்னார். அம்மா அந்தக் கடைசி வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்லூர்க் கோயிலுக்குப் போவதென்று அம்மா ஏற்பாடு செய்தார். மாமாவை வேட்டி கட்டவைத்து, எனக்குப் பட்டுப் பாவாடை போட்டுவிட்டு, சந்தைக்குப் போய் அர்ச்சனைக்கு வேண்டியதை வாங்கிவரும்படி எங்கள் இருவரையும் அனுப்பினார். கதலி வாழைப்பழத்தில் ஒரு சீப்பு, வெற்றிலை, மல்லிகைப் பூ எல்லாம் வாங்கினோம். மாமாவுக்குக் கடையையும் வீட்டையும் தவிர வேறு வழி தெரியாது. அதுவும் அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் போனால்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் நீலக் கேற், மதிலுக்கு மேலே ஒரு முருங்கை மரம். இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

நீலக் கேற் திறந்திருந்தது. முருங்கை மரமும் இருந்தது. நான் மாமாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். முற்றம் தண்ணீர் தெளித்துக் கூட்டியிருந்தது. அது எங்கள் முற்றமில்லை என்று தெரிந்த அதே கணத்தில், மடிப்புக் குலையாத வேட்டியோடு ஒரு ஐயா படியிறங்கி வந்தார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ. ஒருமாதிரி இடம் பிடிச்சு வந்திட்டியள். உந்தக் கதிரையிலை இருங்கோ."

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அந்த வீட்டு அம்மா வந்து அவருடைய கையிலிருந்த பழத்தையும் பூவையும் வெற்றிலையையும் மகிழ்ச்சியாக வாங்கி, மேசையில் தட்டில் வைத்துவிட்டார். எங்கள் ஊரில், வா என்று கூப்பிட்ட வீட்டில் உட்காராமல் போவது பெரிய அவமரியாதை. மாமா உட்கார்ந்தார். என்னைப் பார்த்த பார்வையில், உங்கப்பாவுக்கு இந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு இருந்தது.

முக்கியமாக, யாரும் நாங்கள் எந்த இடம் என்று கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு அதைக் கேட்காத முதல் வீடு அதுதான். அது தங்களுக்கு முன்பே தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. சுவிஸிலிருந்து ஒரு மாப்பிள்ளை தன் பெரியம்மாவோடு அன்று பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களிடம் இருந்த அவருடைய ஒரே படத்தில் அவர் பனிமலைக்கு முன்னால், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, நாடிவரை சால்வை சுற்றிக்கொண்டு நின்றாராம். அதில் மனிதர் என்று சொல்ல மூக்கு மட்டுமே இருந்தது.

ஐயா பயணம் எப்படி என்று கேட்டார். சரியான தூரம், இடுப்பு முறிந்துவிட்டது என்றார் மாமா. அங்கே குளிரோ என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். காலையில் எதிரே நிற்கும் ஆளைத் தெரியாத அளவுக்கு மூடுபனி, சுற்றிலும் மலை என்றார் மாமா. இருவரும் பூரித்துப்போனார்கள். மற்ற ஆட்கள் வரவில்லையா என்று கேட்டதற்கு, அக்காவும் மச்சானும் பிறகு வந்து கும்பிட்டுக்கொள்வார்கள் என்றார். மாமா சொன்னது கோயிலை. வேலையைப் பற்றி விசாரித்தபோது, தேயிலைக் கடையில் என்று உண்மையைச் சொன்னார். சாப்பாட்டுக் கடை என்றல்லவா கேள்விப்பட்டோம் என்று ஐயா இழுத்தார். எல்லாம் ஒன்றுதான் என்று அவருடைய மனைவி கண்ணால் அடக்கினார். மாமாவின் பேச்சு வித்தியாசமாக இருந்ததையும் அவர்கள் வெளிநாட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பிறகு ஓர் அக்கா தட்டத்தில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சேலை கட்டி, பூ வைத்திருந்தார். பக்கத்துக் கம்பஸில் கடைசி வருஷம் படிக்கிறார் என்று ஐயா சொன்னார். அக்கா குனிந்த தலையோடு வந்தார். மாமா, "ரொம்ப நன்றிங்க" என்றதும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

தேத்தண்ணீர் எப்படி என்று ஐயா கேட்டார். மாமாவால் எந்தப் பொய்யும் சொல்ல முடியும், தேயிலையைப் பற்றி மட்டும் முடியாது. "தப்பா நெனைக்காதீங்க. தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. தூளும் பழசு" என்றார்.

ஐயா தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டார். மாமா தண்ணீரை எப்படிக் கொதிக்கவிட்டு அடங்கவைப்பது, இந்த ஊர்த் தண்ணீருக்கு எந்த இலை தாங்கும் என்று விளக்கத் தொடங்கினார். அக்கா கேள்வி கேட்கக் கேட்க மாமா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து வந்தும் பிள்ளைக்கு ஒரு தலைக்கனமும் இல்லை என்று அந்த வீட்டு அம்மா ஐயாவிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. யார் வெளிநாடு என்று எனக்கு விளங்கவில்லை.

பயற்றம் உருண்டை தருவதாகச் சொல்லி அக்கா என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார். அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் என் முன்னால் குந்தியிருந்து, நாங்கள் யார், எங்கே போக வந்தோம் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பண்டாரவளை, கம்பளி, நீலக் கேற், முருங்கை மரம். இனி இவர் ஓடிப்போய்த் தகப்பனிடம் சொல்வார், எங்களைத் துரத்துவார்கள் என்று நினைத்தேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இன்னும் இரண்டு உருண்டைகளை என் கையில் வைத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்கோ, தங்கச்சி. மாமாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் வழி காட்டிவிடுறன்."

நான் இருந்தேன். பயற்றம் உருண்டையை அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். அதைத் தருகிறவர் சொன்னால் நான் இரவு முழுவதும் இருந்திருப்பேன்.

வாசலில் ஒரு வான் வந்து நின்றது. பெரிய சரிகைச் சேலையோடு ஒரு அம்மாவும், பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரும் இறங்கினார்கள். அந்த அம்மா உள்ளே ஓர் அடி வைத்ததும் கதிரையில் வேட்டியோடு இருந்த மாமாவைப் பார்த்தார். மேசையில் இருந்த பழத்தையும் பூவையும் வெற்றிலையையும் பார்த்தார். பூ வைத்து நின்ற அக்காவைப் பார்த்தார்.

"ஒரே நாளிலை ரெண்டு பகுதிக்குப் பொம்பிளை காட்டுறியளோ?"

ஐயாவின் முகத்தில் இரத்தம் இல்லை. அவர் மாமாவின் பக்கம் திரும்பி, அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "தம்பி, நீங்கள் எந்த இடம்?"

மாமா எழுந்து நின்று கைகூப்பினார். "பண்டாரவளைங்க. வீடு மாறி வந்துட்டோம். தேத்தண்ணி குடுத்தீங்க, குடிச்சோம்."

கறுப்புக் கண்ணாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் பெரியம்மா சிரிக்கவில்லை. சகுனம் சரியில்லை என்று சொல்லி, அவரையும் இழுத்துக்கொண்டு வானில் ஏறிவிட்டார். விஷயம் முழுவதும் விளங்கியதும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானுக்குப் பின்னால் ஓடினார். ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. சந்தியில் வான் நின்றபோது கண்ணாடியில் தட்டித் தட்டி, பிழை என்னுடையது, அந்த வீட்டார் தங்கமான மனிதர்கள் என்று சொன்னாராம். கண்ணாடி இறங்கவில்லை.

அவர் திரும்பிவந்தபோது ஐயா தலையில் கைவைத்து அதே கதிரையில் இருந்தார். உள்ளே அந்த வீட்டு அம்மா அழும் சத்தம் கேட்டது. மாமா ஐயாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொழுதுபட்டது. கடைசியில் ஐயாதான் எழுந்தார். இருட்டுகிறது, சின்னப் பிள்ளை இருக்கிறது, வாருங்கள் கொண்டுபோய் விடுகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். ஓட்டவில்லை. உருட்டிக்கொண்டே எங்களோடு நடந்தார்.

எங்கள் வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. நீலக் கேற்றையும் முருங்கை மரத்தையும் அவர் மேலும் கீழும் பார்த்தார். "உண்மைதான். நான் எண்டாலும் மாறித்தான் போயிருப்பன்" என்றார்.

நடந்ததைக் கேட்டதும் என் அம்மா ஐயாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஐயா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு கோப்பை கேட்டார். மறுநாள் காலை கடைக்கு வந்து, அந்தத் தூள்தான் வேண்டுமென்று வாங்கிப்போனார். அன்று பின்னேரமே, வானைத் துரத்திய மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கென்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டார்கள். வருஷக் கடைசியில் திரும்பிப்போகிற பேச்சை அம்மாகூட எடுக்கவில்லை.

அக்கா படிப்பை முடித்து ஆசிரியையானார். சில வருஷங்களுக்குப் பிறகு, கம்பஸில் தன்னோடு படித்த கொழும்புத்துறைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்கள் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர் என்பதால் ஐயா கொஞ்சக் காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், பேரன் பிறந்ததும் திருப்பிய முகம் தானாகத் திரும்பிவந்தது. அந்தக் கல்யாணத்தில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் மாமாதான். தன்னால் கெட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கும் தைப்பொங்கலுக்கும் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் அக்காவின் வீட்டுக்குப் பரிகாரமாகத் தேயிலை அனுப்புகிறார். அக்காவும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

வீடு மாறிப் போன அன்று, ஐயா சைக்கிளை எடுக்க, மாமா தலையைக் குனிந்தபடி கேற்றுக்கு வெளியே போய் நிற்க, அக்கா என் பின்னால் விறுவிறுவென்று வந்தார். மிச்சமிருந்த உருண்டைகள் அத்தனையையும் பேப்பரில் சுற்றி என் கையில் திணித்தார். அழுத கண் மாதிரித் தெரியவில்லை. என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பெரிய உதவி செய்துபோட்டியள், பிள்ளை" என்றார்.

நாங்கள் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை அவர்களுடைய மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மாமாவிடம் ஓடினேன்.